ஏழாவது குரல்

வெல்டர் பிரசன்னாதான் குரோம்பேட்டையில் தன் சர்ச் பாடகர் குழுவை நடத்துபவன். கிறிஸ்துமஸ் பாட்டை அவனையும் சேர்த்து ஏழு பேரும் அவரவர் வீட்டிலிருந்தே பாடிப் பதிந்திருந்தார்கள். அவன் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஏழும் ஒரே ட்ராக்கில் வரிசையாக உட்கார்ந்தன; ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பாடினார். அழித்துவிட்டு, தனித்தனி ட்ராக்கில் ஏற்றினான்.

இப்போது எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். ஒரு குரல் மட்டும் சுதி விலகியது. குழுவில் பாடும் அம்மணி அக்காதான் என்று நினைத்தான். வாராவாரம் அவரைத்தான் மெதுவாகப் பாடச் சொல்வான். அக்கா குரலை அணைத்தும் சரியாகவில்லை. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். தன் குரலை அணைத்ததும் பாட்டு இழைந்தது.

அக்காவுக்குப் போன் செய்தான்.

“அக்கா, சுதி விட்டது நான்தான். உங்களைப் போய் சொல்லிக்கினு இருந்தேன்.”

“தெரியும்பா. நீ சங்கடப்படுவேன்னுதான் சொல்லல” என்றார் அம்மணி.

ஆறு குரலோடு பாட்டை முடித்து, குழுவுக்கு அனுப்பினான்.