மாடில்லாத வீட்டில் தவிட்டு டிரம்

பிள்ளைகளா, போன மழையில் உப்பளமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது, எனக்கும் வேலை இல்லை. மலேசியாவிலிருந்து சில தமிழ் மாணவர்கள் மரக்காணம் வந்திருந்தார்கள். கொசு எங்கே முட்டையிடுகிறது, புழுவை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி ஒழிப்பது என்று வீடு வீடாகப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள். நம் தெருவைச் சுற்றிக் காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

அங்கேதான் நான் கெடுத்தேன். முந்தின சாயங்காலமே வாசல் வாசலாகப் போய், "நாளைக்கு வெளிநாட்டுப் புள்ளைங்க வர்றாங்க, தண்ணி டிரம்மெல்லாம் தேச்சிக் கழுவி வைங்க, மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வருகிற மாதிரி தெருவே கழுவியது. உங்கள் அம்மா மட்டும் ஒரு டிரம்மைக் கொட்ட விடவில்லை. "குழாயில எப்ப வரும்னே தெரியாது, குடிக்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். அதன்மேல் சாக்கைப் போட்டு, மேலே முறத்தை வைத்தோம்.

மறுநாள் அந்த மாணவர்களில் ஒரு பெண் நீளக் கரண்டியால் எல்லா டிரம்மிலும் மொண்டு பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

"எங்க தெருவுல கொசுவா? அதெல்லாம் அந்தத் தெருவுலம்மா" என்றாள் எதிர்வீட்டுக்காரி, காலில் கடித்ததை அடித்துக்கொண்டே.

அந்தப் பெண் நம் வீட்டில் சாக்கைக் காட்டி, "இது என்ன அங்கிள்?" என்று கேட்டாள்.

"மாட்டுத் தவிடும்மா."

நம் வீட்டில் ஏது மாடு? அவள் நம்பிவிட்டாள். "உங்க தெரு ரொம்ப கிளீன் லா. இங்க மருந்து ஊத்தத் தேவையில்லன்னு சொல்லிடுவோம்" என்றாள், அவர்கள் ஊர்ப் பேச்சில் ஒரு 'லா' சேர்த்து.

அந்த வார்த்தைதான் என்னை வாட்டியது. பெரியவளே, அதற்கு முந்தின மழையில் நீ கொசுக் காய்ச்சலில் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே.

அடுத்த நாள் காலையில் வண்டி ஏறப் போனவளைக் கூட்டிவந்து சாக்கை எடுத்தேன். கரண்டியில் புழுக்கள் நெளிந்தன. அவளுக்கு ஒரே சந்தோஷம். "எல்லாரும் இங்க வாங்க!" என்று கூட வந்தவர்களைக் கூப்பிட்டாள். செல்போனில் படம் எடுத்தார்கள்.

"தவுட்டுல புழு வளக்குறாங்கடி" என்று எதிர்வீட்டில் சிரித்தார்கள்.

உங்கள் அம்மா கதவோரம் நின்று, "ஊரையே கழுவ வச்சிட்டு நம்ம வூட்ட மட்டும் காட்டிக் குடுத்துட்டீங்களே" என்றாள்.

"எல்லா வீட்லயும் இருந்திருக்கும்மா. நான்தான் கழுவச் சொன்னேன்" என்று அந்தப் பெண்ணிடம் சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டுச் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் கோபப்படவில்லை. "அப்ப சொல்லாம இன்னொரு தடவ வந்து பாக்கணும் அங்கிள்" என்றாள். உங்கள் அம்மா அவளுக்கு டீ கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

சொல்லாமலே வந்தார்கள், தெருவுக்கு மருந்தும் வந்தது. இப்போது டிரம்மில் தண்ணீர் பிடித்ததும் வாயை வேட்டித் துணியால் இறுகக் கட்டுகிறோம். ஒரு முனையை நான் பிடிக்கிறேன். உங்கள் அம்மா முடிச்சுப் போடுகிறாள், என் முகத்தைப் பார்க்காமல்.