ஐஸ் பெட்டியில் வந்த ரோசி

"மணலை... செப்பலி... உடன் மீன்!" என்று கூவி முடித்ததும் முகக்கவசத்தை மறுபடி மூக்குவரை இழுத்துவிடுகிறார் யோகராசா. கூவும்போது மட்டும் அது நாடிக்கு இறங்கும். வாய் திறக்கிற நேரம் பார்த்துத்தான் கொரோனா வரும் என்று ஒருநாள் அவருக்குப் பாடம் எடுத்தேன். "வாயப் பொத்திற்று மீன் விக்க ஏலுமா புள்ள?" என்று கேட்டுவிட்டு அடுத்த படலைக்குப் போய்விட்டார்.

வீடு வவுணதீவில். விடியவே வாவிக்கரையில் மீன் எடுத்து, பாலம் தாண்டி, புளியந்தீவுத் தெருக்களுக்கு வந்து சேர்வார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிய வெள்ளை றெஜிபோம் ஐஸ் பெட்டி. ஐஸுக்குள் அளைந்து அளைந்து அவருடைய விரல்கள் எந்நேரமும் சில்லிட்டே இருக்கும். மீன் பையைத் தரும்போது அந்த விரல் பட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அதற்காகவே வேண்டுமென்று தொடுவார் மனிதர்.

ஐஸில் அவருக்கு இருக்கும் நம்பிக்கை வேறு எதிலும் இல்லை. மனைவிக்குத் தலையிடி வந்தால் ஐஸ். கோயிலுக்குக் கொண்டுபோகும் பூமாலையும் மீன் வாடையோடு ஐஸில்தான் கிடக்கும். "ஐஸ் போட்டா எதுவும் நிக்கும்" என்பார். இந்த நம்பிக்கைதான் ஒருநாள் அவரை என் முன்னால் அழவைத்தது.

முதல் ஊரடங்கில் அவரிடம் ஜிம்மி என்றொரு நாய்க்குட்டி இருந்தது. அதன் இரண்டாவது தடுப்பூசிக்கான நாளில் எங்கும் பொலிஸ், எங்கும் பயம். "ரெண்டு நாள் பிந்தினா என்ன" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். இரண்டு நாள் இரண்டு மாதமானது. ஜிம்மி இரத்தமாகக் கழிந்து மூன்றே நாளில் செத்துப்போனது. பாவோ என்ற நோய், ஊசி போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டார். அதன்பின் பல நாள் அவர் கூவியதில் சுரமே இல்லை.

அடுத்த வருடம் ரோசி வந்தாள், காதுகள் மட்டும் கறுத்த வெள்ளைக் குட்டி. முதல் ஊசி முடிந்தது. இரண்டாவதற்கு நாள் வந்தபோது மறுபடியும் ஊரடங்கு. ஆனால் இந்தமுறை அவரிடம் மீன் விற்பதற்கான பாஸ் இருந்தது. பாஸையும் ரோசியின் ஊசி அட்டையையும் ஒரே பொலித்தீன் உறையில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் டொக்டர் ஷஸ்னாவின் மிருக வைத்திய நிலையத்தில் வாசலில் பெயர் பதிகிறவள். அன்று பத்து மணிக்கு யோகராசா பெட்டியோடு வந்து நின்றார். கூவவில்லை. மூடியைத் திறந்தார். மீன் இல்லை. சாக்கின்மேல் ரோசி சுருண்டு கிடந்தாள், உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியபடி.

"பாலத்தடியில ஆமிக்காரன் 'மாளுத?', மீனா எண்டு சிங்களத்தில கேட்டான். 'மாளு, மாளு' எண்டன். அந்த நேரம் பாத்து இவள் முனகிப் போட்டாள். திறந்து பாத்திற்றுச் சிரிச்சிற்று விட்டுட்டான்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாக்கின் ஓரத்தால் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

டொக்டர் ஷஸ்னா காத்தான்குடிக்காரர், வயது முப்பதுக்குள், பொறுமை எண்பதுக்கு. குட்டிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தார். சாக்கைத் தூக்கினார். அடியில் நொறுக்கிய ஐஸ்.

"இதென்ன யோகராசாண்ணன்?"

"வெயில் மிஸ். மூடின பெட்டி. வாற வழியில பழுதாப் போயிடுவாளோ எண்டு... ரெண்டு கை போட்டன். கூட இல்ல."

"உடம்புச் சூடு காணா. இந்த நிலையில ஊசி போட ஏலா. சூடு ஏறினாப் போடுவம்."

பன்னிரண்டுக்கு நாங்கள் மூடியாக வேண்டும். அடுத்து எப்போது திறப்போம் என்று எங்களுக்கே தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் அந்த ஊசிமருந்தில் ஒரே ஒரு குப்பிதான் மிச்சம். இதையெல்லாம் டொக்டர் மெதுவாகத்தான் சொன்னார். யோகராசா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "நான்தான் மிஸ் முதல்ல அவனச் சாகவிட்டன். இவளயும் நானேதான்..." என்றார். முகக்கவசம் நனைந்தது.

மின்சாரமும் இல்லாத காலைவேளை அது. டொக்டர் உலர்ந்த துவாய் ஒன்றைக் கொடுத்தார். யோகராசா ரோசியைத் துவட்டினார். பிறகு சட்டையைக் கழற்றிப்போட்டு, மதிலோரம் வெயிலில் குந்தி, குட்டியை வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கையால் தொடவில்லை. முழங்கைகளால் மட்டும் பிடித்திருந்தார், உள்ளங்கைகள் இரண்டும் வெளியே விரிந்து நின்றன. கை வலிக்கும், சரியாகப் பிடியுங்கள் என்றேன்.

"ஒண்ணா புள்ள. என்ட கை ஐஸ்."

பெயர்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றுக்குப் பார்த்தபோதும் சூடு காணாது. பதினொன்றரைக்கு நடுக்கம் நின்றிருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ரோசி தலையைத் தூக்கி அவருடைய நாடியை நக்கினாள். டொக்டர் வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம். இப்ப போடலாம்" என்றார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சு உள்ளே இருந்த பூனைகளுக்கும் கேட்டிருக்கும். ஊசி இறங்கியபோது ரோசி கத்தவில்லை, யோகராசாதான் "ஆ" என்றார்.

அட்டையில் மூன்றாவது ஊசிக்கு நாள் போட்டுக் கொடுத்தேன். அதை அவர் தெருத்தெருவாகக் காட்டித் திரிந்தார். "இன்னும் நாலு கிழம கிடக்கு, மறுகா ஒரு ஊசிதான்" என்று மீன் வாங்காதவர்களுக்கும் சொன்னார்.

அந்த நாள் இன்றைக்கு. ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பழைய பெட்டி முன்னால், மீனும் ஐஸுமாக. பின்னால் புதிதாய் ஒரு மரப்பெட்டி, நாலு பக்கமும் ஓட்டை, உள்ளே மடித்துப்போட்ட பழைய சாரன். ஓட்டை ஒன்றின் வழியே ஈர மூக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஒருவருக்கு அரைக்கிலோ மணலை கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து "வாறன் புள்ள" என்றார்.

மரப்பெட்டியைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குந்தினார். ஓடிவந்த சூடு ஆறாத எஞ்சினுக்கு அருகே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பிடித்தார். புரட்டிப் பிடித்தார். ஒரு கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூடு காணாது போலும், மறுபடியும் எஞ்சினிடம் கொண்டுபோனார்.