சம்பளத்தை மட்டும் மேட்ச் பண்ணினேன்

ஏழாவதோடு என் படிப்பு முடிந்தது. ஹெல்பராக ராடு தூக்கினேன், டிரில்லரானேன், கடைசியில் ஐந்து போர்வெல் ரிக்குக்கு ஓனரானேன். எவன் தயவும் இல்லை. என் டிரில்லரை என்னிடமிருந்து கொண்டுபோன ஓனர் திருச்செங்கோட்டில் ஒருத்தன்கூடக் கிடையாது. இதைப் பல வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மீதியையும் படியுங்கள்.

1. மூன்று நாள் கெடு

பட்டறையில் கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டிருந்த நேரம். தங்கவேல் போன் பண்ணினான். அவனும் ரிக் ஓனர், எனக்கு இளையவன்.

“ஏனுங் மாமா, உங்க டிரில்லர் அந்தோணி என்ர வண்டிக்கு வாரேங்கறான். மொறைப்படி சொல்லிப்போட்டேன். அப்பறம் சொல்லலீன்னு சண்டைக்கு வரப்படாது.”

“என்ன சம்பளம் சொன்னே?”

நான் கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கு சொன்னான். அடிக்கு இவ்வளவு என்று பேட்டா தனி.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எழுத்தில் கிடையாது. ஒரு ஓனரிடம் தொழில் பழகிய டிரில்லரை முதல் நாலு வருஷத்துக்குள் இன்னொருத்தர் கூப்பிட்டால், பழைய ஓனருக்குச் சொல்லியாக வேண்டும். அவருக்கு மூன்று நாள் கெடு. அதே சம்பளத்தை அவரும் கொடுத்தால் டிரில்லர் அங்கேயே இருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் போகலாம், கூட்டிப்போகிறவர் ஈடாக ஒரு நல்ல ஹெல்பரை அனுப்ப வேண்டும்.

2. “மேட்ச்!”

அந்தோணி மேச்சேரிக்காரன். ஹாமர் சத்தம் மாறுவதைக் கேட்டே, கீழே பாறையில் வெடிப்பு வருகிறது என்று சொல்லிவிடுவான். நான் பழக்கியவன், அப்போது மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மறுநாளே பட்டறைக்கு வந்து நின்றான்.

“முதலாளி, என்னைய உட்டுருங்க.”

“ஏம்ப்பா, தங்கவேலு குடுக்கறத நானும் தாரேன். ஒத்த ரூவா கொறையாது.”

“சம்பளத்துக்கு இல்லீங்க. அவரு வண்டி சேலம், நாமக்கல்லுக்குள்ளயே ஓடுது. நம்ம வண்டி சத்தீஸ்கர் போவுது. ஊட்டுக்காரிக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ வேற ஆளில்லீங்க.”

“கார் புடிச்சுக்கச் சொல்லு. அதுக்குத்தான ஏத்தித் தாரேன்?”

“காரு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாதுங்களே.”

அவன் முன்னாலேயே தங்கவேலுக்கு போன் போட்டு, “மேட்ச் பண்ணிட்டேன்” என்றேன். “உங்ககிட்ட மோத முடியுங்களா மாமா” என்றான் அவன். பட்டறை ஆட்களுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அப்போது என்னிடம் உபரியாக வேறு இரண்டு டிரில்லர்கள் இருந்தார்கள். இவன் போனால் ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

3. சீசன்

வண்டி சத்தீஸ்கர் போனது. இரண்டு தடவை லீவு கேட்டான். “சீசன் முடியட்டும்” என்றேன். கொஞ்ச நாள் பக்கத்து வீட்டம்மா துணைக்குப் போனார். அந்த அம்மாவுக்கு முடியாத நாளில் அவன் மனைவியும் டயாலிசிஸுக்குப் போகவில்லை. அப்படியே நாலைந்து தடவை விட்டுப்போனது. பிறகு தகவல் வந்தது. அவன் ரயில் பிடித்து வரும்வரை பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். நான் மாலையோடு போயிருந்தேன். எனக்கு நாற்காலி எடுத்துப்போட்டான். அதன்பிறகு வண்டிக்கு வரவும் இல்லை.

4. மாப்பிள்ளை சொன்னது

அடுத்த வருஷம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை டிவியில் அந்த ஊர் ஃபுட்பால் பார்ப்பார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதில் மூன்று சீசன் ஆடி ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனுக்குப் பாதி சுதந்திரம்தானாம். பழைய டீம் டெண்டர் என்று ஒரு சம்பளம் சொல்லும். அவன் வேறு டீமோடு பேசி ஆஃபர் வாங்கலாம். பழைய டீமுக்கு ஐந்து நாள் கெடு. அதே தொகையை மேட்ச் பண்ணிவிட்டால் அவன் அங்கேதான் ஆட வேண்டும். விட்டுவிட்டால், டெண்டரைப் பொறுத்து, வருஷா வருஷம் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் தன் வாய்ப்பு ஒன்றைப் புது டீம் ஈடாகத் தர வேண்டும். எப்படியும் மேட்ச் பண்ணிவிடுவார்கள் என்று பல டீம் கேட்பதே இல்லையாம்.

“அட, இது எங்கூரு வழக்கமுங்க!” என்றேன். அப்புறம் கேட்டேன்: “அவன் எதுக்கு அந்த டீமுக்குப் போறான்னு யாராச்சும் கேப்பாங்களா மாப்ளே?”

“முக்கியமா காசு கணக்குத்தான் மாமா. வீடு பக்கத்துல இருக்குங்கறதெல்லாம் அதுல வராது.”

எழுந்து படுக்கப் போய்விட்டேன்.

5. செவ்வாய்ப்பேட்டை

ஊருக்குத் திரும்பியபின், பேத்தி காதுகுத்துக்கு மளிகை வாங்க சேலம் செவ்வாய்ப்பேட்டை போனேன். லாரியிலிருந்து பருப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான் அந்தோணி. ரிக் தொழிலையே விட்டால் எங்கள் வழக்கம் அவனைக் கட்டுப்படுத்தாது. அவனுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

“எந்த வண்டிக்கு வேணும்னாலும் போ சாமி, குறுக்க நிக்கமாட்டேன். தங்கவேலுகிட்ட நானே பேசறேன்.”

தோளில் இருந்த சாக்கை மடித்தான்.

“இங்க ஆறு மணிக்கு உட்டுர்றாங்க முதலாளி. ஏழரைக்கெல்லாம் ஊட்ல இருப்பேன். போயி என்ன பண்றதுன்னுதான் தெரியலீங்க.”

அடுத்த மூட்டைக்குப் போய்விட்டான்.

இப்போதும் எனக்கு அந்த மாதிரி போன் வருகிறது. என்ன சம்பளம் என்று முதலில் கேட்பதில்லை. எதற்காகப் போகிறான் என்று கேட்கிறேன். நீங்களும் அதை முதலில் கேளுங்கள். அந்தோணி அன்றைக்கு நான் கேட்காமலே சொன்னான். நான் தங்கவேல் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.