தவளை குடியிருக்கிற காணி

கொமூனில், அதாவது நகரசபையில், காணி விற்கிற வேலை என்பது பாதி நேரம் விற்க ஏலாது என்று சொல்கிற வேலை. டென்மார்க்கில் கந்தோர் உத்தியோகம் பார்த்து வதைபட்டவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

சப்பாத்து

ஊர் எல்லையில் கொமூனுக்கு ஒரு ஈரப் புல்வெளி. வேலிக்கு அங்கால் பழைய லொறித் தரிப்பிடம், அதுவும் கொமூனின் காணிதான். புல்வெளியை விற்றுவிட என் மேலாளர் மெட்டவுக்கு ஆசை. இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற நிலம், நிரவவும் ஏலாது, தண்ணீரை வடிக்கவும் ஏலாது, உரிமையாளர் மாறினாலும் சட்டம் காணியோடேயே போகும் என்றேன். நம்பவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். நடு வெளியில் அவவின் வலது சப்பாத்து சேற்றுக்குள் போய்விட்டது.

ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டா: “இதைக் கடதாசியிலேயே காட்டியிருக்கலாமே?”

எங்கட ஆள்

அந்த வெளியைக் கேட்டவர்கள் எங்கள் தமிழ்ச் சங்கம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு நடந்த பள்ளிக்கூட மண்டபத்தைப் பூட்டப்போகிறார்கள். சொந்த மண்டபம் இல்லையென்றால் வகுப்பு நடுத்தெருவில். தலைவர் சிவபாலன் கந்தோருக்கே வந்துவிட்டார்.

“அண்ணை, நீங்கள் எங்கட ஆள். ஒரு கண்ணை மூடுங்கோ.”

“மூடினாலும் சேறு சேறுதான். நாங்களே அதில மண் கொட்டேலாது.”

எழும்பி நின்று கத்தினார்: “தன்ர காணிக்குத் தானே பயப்பிடுற கொமூனை இங்கதான் பாக்கிறன்!”

நல்ல நாள்

ஒரு சனிக்கிழமை, நாயோடு நடக்கப்போன என் பக்கத்து வீட்டுக்காரி தொலைபேசி எடுத்தா. புல்வெளியில் ஆட்களாம், புகையாம். ஓடினேன். சாத்திரியார் நாள் குறித்துக் கொடுத்துவிட்டாராம். காணி கைக்கு வர முதலே அத்திவாரக் கல்! தேங்காய், கற்பூரம், கைபேசியில் நாதஸ்வரம். வெட்டின குழியில் தண்ணீர் ஊறி, மஞ்சள் பூசின கல் பாதி அமிழ்ந்துவிட்டது.

“கல்லைத் தூக்குங்கோ. குழியை மூடி, புல்லைப் பழையபடி வையுங்கோ. இப்பவே!”

சிவபாலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். கல்லின் மேல் ஒரு தவளை. அசையவில்லை.

அவர் மனைவி தட்டோடு நின்று சொன்னா: “விடுங்கோப்பா, அது எங்களுக்கு முதலே குடிபூந்திட்டுது.”

தார்

திங்கட்கிழமை மெட்டவிடம் போனேன். புல்வெளியை விட்டுத்தள்ளு, லொறித் தரிப்பிடத்தை ஏலத்துக்குப் போடு, தாரில் ஒரு தவளையும் இல்லை என்றேன். தீர்மானிக்கிற கூட்டத்தில் நான் இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்கிற காணி என்பதால் இருக்கவும் கூடாது. பகிரங்கமாக விளம்பரம் போனது. அந்த அழுக்குத் தாரை வேறு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கத்துக்கே விழுந்தது. புல்வெளி கொமூனோடு நின்றுவிட்டது.

அதே கல்லை வேலிக்கு அங்கால், தார்ப் பக்கம் வைத்துக் கட்டினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தைப் பூட்ட முதலே வேலை முடிந்தது; வகுப்பு ஒரு கிழமையும் நிற்கவில்லை. திறப்பு விழாவில் மெட்ட புதுச் சப்பாத்தோடு வந்து வடை சாப்பிட்டா. பெரிய யன்னல் முழுக்கப் பச்சை வெளி. சிவபாலன், வைலே நகரத்திலிருந்து வந்த விருந்தாளிகளை யன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் நின்றது அவருக்குத் தெரியாது.

“பாருங்கோ, எங்கட மண்டபத்துக்கு முன்னால எந்தக் கொம்பனும் கட்டேலாது. சட்டம் அண்ணை, சட்டம்!”

காணி விற்கிற உத்தியோகத்தில் என் ஆகப் பெரிய வெற்றி, ஒரு காணியை விற்காமல் விட்டதுதான்.