இரண்டு பாகப் பொய்

காற்றில்லாத மத்தியானத்தில் வள்ளம் நிற்கிறதா, நகர்கிறதா என்றே தெரியாது. துறைமுகத்துக் கிரேன்கள் வெயிலில் கரைந்து போயிருக்கும். அப்படியொரு மத்தியானத்தில், சங்கு குளிக்கப் போகும் என் அண்ணன், வள்ளத்தில் புதிதாக மாட்டிய ஆழம் காட்டும் கருவியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன்.

“ஏளா, இங்கன பாரு. பத்துப் பாகம்னு காட்டுது.”

“அதுக்கென்ன?”

“இங்கன எட்டுதாம்ளா. பத்துங்கது நான் உங்கிட்டச் சொன்ன பொய்லா.”

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எங்கள் கரையில் ஆழத்துக்கு அதுதான் கணக்கு. நான் வீட்டிலிருந்தபடி கணினி நிரல் எழுதிப் பிழைப்பவள். சில வருஷங்களுக்கு முன், மலிவான கருவிகளும் ஆழத்தைப் பாகத்தில் காட்டட்டும் என்று ஒரு நிரல் எழுதினேன். கடலடியில் கல்தரை வந்தால், கருவி ஆழம் பார்க்கும் எதிரொலி தடுமாறும். அதைச் சரிக்கட்ட உண்மையான ஆழம் வேண்டியிருந்தது. அண்ணன் ஈயக்குண்டுக் கயிற்றை இறக்கி அளந்து சொன்னான், நான் அப்படியே ஏற்றினேன், கல்தரை வரும் இடத்துக்கெல்லாம் அதே கணக்கு. அந்தக் கல்தரையைத்தான் பார் என்போம். சங்கு கிடைக்கிற பாரின் ஆழத்தை இங்கே எவனும் உள்ளபடி சொல்ல மாட்டான், இரண்டு பாகம் கூட்டித்தான் சொல்வான். கூடப் பிறந்தவளிடமுமா என்று கேட்காதீர்கள். கூடப் பிறந்தவளிடமும்தான்.

அந்த நிரலை இணையத்தில் எல்லாருக்குமாகப் போட்டிருந்தேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், கருவியில் வைத்து விற்கலாம். விற்றால், மாற்றிய மூலநிரலை வாங்கியவர் கேட்கும்போது கொடுக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். இந்தக் கருவி கடல் தாண்டி வந்தது, உள்ளே இருந்தது என் நிரல்தான். பெட்டியில் என்னைப் பற்றியோ நிபந்தனையைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நான் பார்த்தேயிராத ஊரில் யாரோ உட்கார்ந்து எங்கள் பாகத்தைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டே ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்துக் கிடந்தேன். அப்புறம்தான் வயிறு எரிந்தது. அதற்கும் அப்புறம் பயம் வந்தது. தீவுப் பக்கம் கல் மேலேறி நிற்கும் இடத்திலும் இது இரண்டு பாகம் கூட்டித்தானே காட்டும்? என் நிரலை நான் திருத்திவிடலாம். அவர்கள் மாற்றி வைத்ததைத் திருத்த அவர்களுடைய மூலநிரல் வேண்டும்.

கருவியைச் செய்த கம்பெனிக்குக் கேட்டு எழுதினேன். இது முழுக்க எங்கள் பொறியாளர்கள் எழுதியது என்று மரியாதையாகப் பதில் வந்தது. என்னோடு படித்த வக்கீல் ஒருத்தி அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்:

“உண்மைய ரெண்டு பேரு தனித்தனியாக் கண்டுபிடிக்கலாம். ஒரே பொய்ய எப்படிக் கண்டுபிடிப்பாவ? இத வச்சே மடக்கிரலாம். ஆனா எந்த இடம், நெசமாவே எத்தன பாகம்னு உங்க அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போடணும். துறைமுகத்துல இருக்க இறக்குமதிக்காரர் ஆபீசுக்கும் அதுல ஒரு நகல் போவும்.”

அந்தப் பாரில் எடுத்த சங்கில்தான் அண்ணன் வீடு கட்டினான், மகளைப் படிக்க வைத்தான். அதை எழுதிக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வக்கீல் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நாள் அவன் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அந்த நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து, உப்பளத்து வெள்ளையைப் பார்த்தபடி ஒரு வேலையும் செய்யாமல் இருந்தேன்.

ஒரு சாயங்காலம் வந்தான். நின்றபடியே பேசினான்.

“தீவுப் பக்கம் போற பயலுவ பூரா இந்த மிஷினத்தான் மாட்டிருக்கானுவ. ஒருத்தன் வள்ளத்தக் கல்லுல ஏத்திட்டாம்னா நாம சோறு திங்க முடியுமா? எழுதிக்கோ.”

சொன்னான். எழுதினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

நோட்டீஸ் போனது. அடுத்த சரக்கைச் சுங்கத்தில் நிறுத்தச் சொல்லுவோம் என்று அதில் இருந்ததால், இறக்குமதிக்காரர் அரண்டுபோய்க் கம்பெனியை உலுக்கியெடுத்தார். மூலநிரல் வந்து சேர்ந்தது. அண்ணன் சொன்ன உண்மை ஆழத்தை வைத்துத் திருத்தி, பழையபடி எல்லாருக்குமாகப் போட்டேன். கரையில் ஒவ்வொரு வள்ளமாக ஏறி நானே மாற்றியும் கொடுத்தேன். ஜெயித்த மிதப்பில் தரையில் கால் பாவவில்லை.

துறைமுகத்து அலுவலகத்துக்குப் போன காகிதம் டீக்கடைக்கு வர எவ்வளவு நேரமாகும்? எனக்கு அது உறைக்கவேயில்லை.

அடுத்த வாரம் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பியபோது நான் அவன் வீட்டில் இருந்தேன். சங்குப் பையை மூலையில் போட்டான், சத்தமே வரவில்லை. மதினி என்னவென்று கேட்டதற்கு, கை கழுவிக்கொண்டே சொன்னான்.

“நம்ம பாருல இன்னிக்கு ஒரே வள்ளமா நிக்கி. எல்லா மிஷினும் சரியா எட்டுன்னு காட்டுது.”

நான் அழுதேன். அவன் தட்டை எடுத்துவைத்து, சோறு போடச் சொன்னான்.