இடது ஓரம் தெரியாத மானிட்டர்

மானிட்டர் ரிப்பேர் என்பது, பெட்டியை அணைத்த பிறகுதான் அதிகம் பயப்பட வேண்டிய தொழில். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பின்னும் பிக்சர் டியூப் தன்னிடம் மிச்சமுள்ள மின்சாரத்தோடு காத்திருக்கும். அசந்து தொட்டால் ஆளைத் தூக்கிச் சுவரில் அடிக்கும். இதில் கைவைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் எனக்கு ராத்திரி மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை, பகலில் மானிட்டர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தூக்கம் வராதவன் எதையாவது பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். பழைய டிவிகளைப் பிரித்துப் பிரித்து வந்த வித்தை. ஆனால் எந்த டியூபும் கொடுக்காத அதிர்ச்சிகளைத் துடியலூரில் ஒரு டிடிபி சென்டர் எனக்குக் கொடுத்தது.

தெளித்த தண்ணீர்

கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கிற சின்னக் கடை. ஓனர் ரங்கசாமி. கம்ப்யூட்டரில் உட்காருவது மரகதம். புருஷனின் தறி நின்றுபோன பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள், படம் மங்கலாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கண்ணாடி முழுக்க மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். மரகதம் அந்தப் பொட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துச் சாய்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். துடைக்கக் கூடாது என்று ஓனர் உத்தரவாம்.

அதுகூடப் பரவாயில்லை. பெட்டிக்கு மேலே காற்றுப் போகிற துளைகளில் மஞ்சள் கறை தெரிந்தது. கழற்றினேன். டியூபின் கழுத்தை ஒட்டி ஒரு வேப்பிலை கிடந்தது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற டியூப். இலையை எடுத்து நீட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டேன். ரங்கசாமி அமைதியாகச் சொன்னார்: "ஊத்துலீங்க, தெளிச்சோம். சாமி தண்ணிதானுங்க, அது ஒண்ணும் பண்ணாதுங்க."

நடுங்கும் எழுத்து

ஐப்பசியில் மறுபடியும் ஆள் வந்தது. எழுத்தெல்லாம் நடுங்குகிறதாம். நான் போனபோது சிலை மாதிரி நின்றது. திரும்பி வாசலுக்கு வந்தால், "நடுங்குதுங்ணா" என்று உள்ளேயிருந்து மரகதத்தின் குரல். ஓடினால் மறுபடியும் சிலை. இப்படியே நாலைந்து முறை. எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியில் காது வைத்துக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை. கட்டி முடித்த பம்ப் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் இங்கே எழுத்துக்கு நடுக்கம். மேஜையை எதிர்ச்சுவருக்கு நகர்த்தியதும் நின்றது. பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எங்க மோட்டாரு இங்க ஓடுனா உங்க பொட்டி அங்க எதுக்குங்க பயப்படுது?"

ஒரு விரல் அகலம்

மார்கழியில் படம் இடது பக்கமாக நகர ஆரம்பித்தது. திரையின் இடது ஓரம் ஒரு விரல் அகலத்துக்குச் சட்டத்துக்குள் போய் மறைந்துகொண்டது. வெளியே இருக்கிற திருகில் சரியாகவில்லை. பெட்டியை என்னிடம் விட்டால்தான் பார்க்க முடியும் என்றேன். தை முகூர்த்தத்துக்குப் பத்திரிகைகள் வரிசையில் நிற்கின்றன, அதெல்லாம் முடியட்டும் என்று ரங்கசாமி சொல்லிவிட்டார்.

இப்படி எப்படி வேலை செய்கிறாய் என்று மரகதத்திடம் கேட்டேன். சிரித்தாள். "தெரியாத பக்கம் எனக்குப் பழகிப்போச்சுங்ணா."

அமரர்

தை மாதம் யுபிஎஸ் பார்க்கப் போயிருந்தேன். சூலூரிலிருந்து வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பத்திரிகைக் கட்டோடு உள்ளே வந்தார். "சென்னியப்பன் நாந்தானுங்க" என்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா. பத்திரிகையில் முதல் பெயர் அவருடையது. அதற்கு முன்னால், 'அமரர்'.

"பவானியில இருந்து சொந்தக்காரங்க ரோசாப்பூ மாலையோட வந்து எறங்குறாங்க. கதவத் தொறந்துவுட்டதே நாந்தானுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. நிதானமாகச் சொன்னார்.

நடந்தது இதுதான். மரகதம் புதிதாக ஒன்றும் அடிப்பதில்லை. போன கல்யாணத்தின் பத்திரிகையைத் திறந்து, பெயர்களை மட்டும் மாற்றுவாள். எல்லா டிடிபியிலும் அப்படித்தான். போன வீட்டில் முதல் பெயருக்குரியவர் நிஜமாகவே காலமானவர். பெயர் மாறியது, மறைந்த ஓரத்தில் 'அமரர்' அப்படியே இருந்துவிட்டது. புரூஃப் பார்க்க வந்த தாய்மாமன் தன் பெயருக்கு இனிஷியல் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரங்கசாமி மரகதத்திடம் திரும்பினார். "கண்ணு தெரியலீனா ஊட்டுல இருந்துக்க அம்மணி. நாளையில இருந்து வராத." அவள் டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஒரு காகிதம் அடித்துப் பார்க்கலாம் என்றேன். திரையில் ஓரத்தோடு ஒட்டி 'சென்னியப்பன்', அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பிரிண்டரிலிருந்து காகிதம் வந்தது: அமரர் சென்னியப்பன். பழுது என்னவென்று தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். "பொட்டியில உசுரோட இருக்கறனுங்க. காகிதத்துலதான் செத்துப்போனனுங்க."

ரங்கசாமிக்கு முகம் வெளிறிவிட்டது. வேறு ஆளை வைத்துச் சாயங்காலத்துக்குள் புதுப் பத்திரிகை தருவதாகச் சொன்னார். பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வேற ஆளு எதுக்குங்க? என்னையக் கொன்னது இந்தப் புள்ள. இதுவே எழுப்பி உடட்டுமுங்க."

மரகதம் வேலையில் தொடர்ந்தாள், மானிட்டர் என் மேஜைக்கு வந்தது, எனக்கு மட்டும் இன்றுவரை எந்தக் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தாலும் மணமக்கள் பெயருக்கு முன்னால் இடது ஓரம்தான் கண்ணில் படுகிறது.