திரும்பி வந்த வெற்றிலைத் தட்டு

அந்தக் கப்பலை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் நின்றால் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் என்கிறார்கள். பார்க்கும் ஆசையும் எனக்கு இல்லை. அந்தக் கப்பலுக்காக, கடலே இல்லாத எங்கள் ஊரில் நெல் காயவைக்கும் களம் போனது. களம் போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிட்டேன். அது போகும்போது மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யார் என்பதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. வீட்டுக்காரர் விவசாயம். நான் புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். என் வகுப்புக்குப் பக்கத்து வகுப்பு பிரெஞ்சு டீச்சருடையது. பல வருஷமாக மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருக்கும் நாளில் அவர் தன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்வார். கேட்கக்கூட மாட்டார். நான் அவரை டீச்சர் என்பேன், அவரும் என்னை டீச்சர் என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட இருவருக்கும் வாய் வரவில்லை.

அவர் வீடு கால்வாய்க்கு மேற்கே, தமிழர் தெருவில். மரத்தூண், முற்றம், சுண்ணாம்புச் சுவர் என்று பழைய வீடு. கூடத்துச் சுவரில் நீளமாக ஒரு விரிசல். அதன் குறுக்கே சிமெண்ட் வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருந்தார். விரிசல் அகன்றால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். சுற்றுலா பஸ் ஒன்று வழி தவறி அந்தத் தெருவில் நுழைந்து முன்னும் பின்னும் திணறிய நாளில் அது உடைந்தது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டீச்சர் அதைச் சொன்னார்.

சுற்றுலாக் கப்பல் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் புதுச்சேரியே இரண்டு கட்சியானது. எங்கள் ஸ்டாஃப் ரூமும்தான். "வரட்டுமே டீச்சர். ஆட்டோ ஓடும், ஓட்டல் நிரம்பும், நாலு பசங்களுக்கு வேலை கெடைக்கும்" என்றார் பி.டி. மாஸ்டர். அதில் தப்பு எதுவும் இல்லை. "ஒரே நாள்ல அத்தன பேரும் எறங்கி அத்தன பஸ்ஸும் இந்தச் சந்துகள்ல நுழைஞ்சா செவுரு நிக்குமா மாஸ்டர்? இருக்கற சாக்கடையே பொங்குது" என்றார் பிரெஞ்சு டீச்சர். நான் அவர் கட்சி. கண்ணாடி உடைந்த கதையைக் கேட்டவள் வேறு எந்தக் கட்சியில் இருப்பேன்?

டீச்சர் தெருவில் கப்பலை எதிர்த்து ஒரு குழு அமைந்தது. அதற்குப் போராட்ட அட்டை எழுதிக்கொடுத்தது நான். தமிழ் டீச்சர் ஆயிற்றே, எதுகை மோனையோடு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய்க் கடற்கரைச் சாலையில் அட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றேன். வீட்டுக்காரர் சிரிப்பார். "கப்பலுக்கும் உனக்கும் இன்னாடி சம்பந்தம்? நாம ஏரியில பரிசல் உட்டவங்க கூட கெடையாது."

"அவங்க வூட்டு செவுரு இடிஞ்சா இடிஞ்சதுதாங்க. இனிமே யாரும் அந்த மாதிரி கட்டப் போறதில்ல" என்பேன். மனசாரத்தான் சொன்னேன்.

அந்த நாட்களில் ஒருமுறை டீச்சர் எங்கள் ஊருக்கு வந்திருந்தார். அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். களத்தின் ஒரு மூலையில் செல்போன் டவர் வைக்க இடம் கேட்டு ஓர் ஆள் வந்திருந்தார். தலைக்கட்டுக்கு ஒருவர் கூட்டத்துக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு நான்தான் போவேன். "படிச்சவ நீ போ" என்று வீட்டுக்காரர் தள்ளிவிட்டுவிடுவார். டீச்சரும் கூட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று முடியாது என்று சொல்வதில்லை. மறுநாள் அதே ஆளின் மோட்டார் கொட்டகையில் தண்ணீருக்குப் போய் நிற்க வேண்டும், அவர் வீட்டுச் சாவுக்குப் போக வேண்டும். அதனால் பேச்சு முடிந்ததும் ஊர்ப் பெரியதனக்காரர் வெற்றிலை பாக்குத் தட்டைச் சுற்றி விடுவார். சம்மதம் என்றால் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்றால் தொடாமல் அடுத்தவருக்கு நகர்த்துவார்கள். தட்டு நிறைந்தபடியே திரும்பி வந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் தட்டை மதிக்காத ஆள் என்று அர்த்தம்.

அன்று தட்டு நிறைந்தபடி திரும்பியது. டவர்க்காரர் தட்டைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவரும் பக்கத்துக் கிராமத்து ஆள்தான். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது நான் விளக்கமாகச் சொன்னேன். அவர் நடுவழியில் நின்றுவிட்டார்.

"இவ்வளவு நாகரிகமா மாட்டேன்னு சொல்ல எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது டீச்சர்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

சில மாதங்கள் கழித்துக் கப்பலுக்கு நிபந்தனைகளோடு அனுமதி என்று வந்தது. முக்கியமான நிபந்தனை, பஸ்கள் பழைய தெருக்களுக்குள் நுழையக் கூடாது, நிற்கக் கூடாது. டீச்சர் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு துண்டு. பஸ்கள் அங்கே நிற்காது என்றால் வேறு எங்கேயோ நிற்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன்.

பஸ் நிறுத்த அவர்கள் கண்டுபிடித்த அந்த எங்கேயோ, எங்கள் களம். எங்கள் பக்கம் வயலெல்லாம் மனைக்கல் நட்டுக்கொண்டு வருகிறது. ரோட்டை ஒட்டி, மேடாக, தண்ணீர் நிற்காத காலி இடம் என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். இப்போதெல்லாம் அறுவடை மிஷின்தான் அறுக்கிறது. நெல் ஈரத்தோடு வந்து விழும். காயப்போடாமல் மண்டிக்கு ஏற்றினால் வியாபாரி உதட்டைப் பிதுக்குவார். எங்களுக்கு அது காலி இடம் இல்லை. சர்க்காருக்கு அது புறம்போக்கு.

ஊரின் கருத்தைக் கேட்க அதிகாரி வருகிறார், சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். தலைக்கட்டுக்கு ஒருவராக ஊர் முழுக்கப் போய் உட்கார்ந்தோம். மேடையில் அதிகாரிக்குப் பக்கத்தில் பிரெஞ்சு டீச்சர் இருந்தார். நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியில் அவரைப் போட்டிருந்தார்களாம். என்னிடம் அவர் சொல்லவில்லை. இருந்தாலும் அவரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பின்னாலிருந்த பெண்ணிடம், "நம்ம டீச்சருதான், நம்ம பழக்கம் எல்லாம் அவங்களுக்குத் தெரியும்" என்றேன்.

அதிகாரி நன்றாகவே பேசினார். டூரிஸ்ட் வந்தால் ஊருக்கு வளர்ச்சி, இளநீர் விற்கலாம், டீக்கடை போடலாம் என்றார். பேச்சு முடிந்ததும் எங்கள் பெரியதனக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறி, வெற்றிலைத் தட்டை முதலில் அதிகாரி முன்னால் நீட்டினார். கேட்டவருக்கு முதல் வெற்றிலை, அதுதான் முறை. அதிகாரி தன்னைக் கௌரவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பாக ஒரு வெற்றிலை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

தட்டு கீழே இறங்கியது. வரிசை வரிசையாக வந்தது. ஒரு கைகூட அதைத் தொடவில்லை. என் மடிக்கு வந்தபோது நானும் நகர்த்தினேன். அப்படியே மேடைக்குத் திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்தது. ஊர் முடியாது என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

"அப்ப யாருக்காவது ஆட்சேபணை இருக்குங்களா?" என்று அதிகாரி மைக்கில் கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. தட்டு திரும்பிய பிறகு என்ன கேள்வி என்பது போல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைய நேரம் பார்த்தார். இதோ மைக்கை வாங்கிச் சொல்லப்போகிறார் என்று நான் உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க வகுப்பில் கத்துகிறவள் நான், எழுந்து சொல்லியிருக்க முடியும். ஆனால் தட்டுக்குப் பிறகு பேசக் கூடாது. அது மட்டுமில்லை, மேடையில் டீச்சர் இருக்கிறார் என்ற தைரியம்.

"மேடம், கமிட்டி சார்பா எதாவது சொல்றீங்களா?" என்றார் அதிகாரி.

டீச்சர் எழுந்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "ஊர்க்காரங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி" என்றார். உட்கார்ந்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கூட்டம் கலைந்தபோது ஊர்க்காரர்கள் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வெளியே வந்தார்கள். "முடிஞ்சிது பா, இனிமே இந்தப் பக்கம் வர மாட்டான்" என்றார் பெரியதனக்காரர். எனக்கு மட்டும் அந்த நன்றி உறுத்தியது. அவர் வேறு ஏதோ நினைத்துச் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜேசிபி வந்து களத்தைச் சமன்செய்ய ஆரம்பித்த காலையில்தான் ஊருக்கு விளங்கியது. ஓடிப்போய் மறித்தவர்களிடம் மேஸ்திரி, "மீட்டிங்ல சரின்னுட்டீங்களே, யாரும் ஒரு வார்த்த பேசலன்னாங்களே" என்றாராம். பெரியதனக்காரர் மனு எழுதிக்கொண்டு நடையாய் நடந்தார். கருத்து கேட்டாயிற்று என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். தை முடிந்து அறுவடை வந்தபோது நெல்லைத் தார் ரோட்டில் கொட்டினோம். லாரி ஏறுகிறது, பைக்கில் போகிறவன் திட்டுகிறான். என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊர் சொன்னது. "உங்க டீச்சருதான குந்தியிருந்தாங்க மேடையில" என்று குழாயடியில் கேட்டார்கள்.

ஜேசிபி வந்த அன்றே பள்ளியில் டீச்சரைப் பிடித்தேன். இரண்டு வகுப்புக்கு நடுவில், தாழ்வாரத்தில்.

"தட்டு திரும்பி வந்தத பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன்."

"அதுக்கு அர்த்தம் தெரியுமில்ல உங்களுக்கு?"

அவர் சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "தெரியும். ஆனா அது சட்டப்படி செல்லாது டீச்சர். நான் எழுந்து அதைச் சொன்னா அந்த எடம் கைவிட்டுப் போகும். அப்புறம் பஸ்ஸெல்லாம் எங்க தெருவுக்குத்தான் வரும். என் வீடு விழுந்தா விழுந்ததுதான். களம் வேற எங்கயாவது போட்டுக்கலாமில்ல?"

"எங்க போடுவோம்?"

பெல் அடித்தது, வகுப்புக்குள் போய்விட்டார். அதிகாரிமேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்குத் தெரியாது, பாவம், வெற்றிலை போட்டுக்கொண்டார். தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். நம்பிக்கைத் துரோகம் என்ற சொல்லுக்கு வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வாக்கியம் சொல்லித் தருகிறேன். இனி எனக்கு வாக்கியம் யோசிக்க வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து என் டப்பாவை வகுப்பறையிலேயே பிரித்துச் சாப்பிட்டேன்.

கப்பல் வந்தது, போனது, திரும்பவும் வந்தது. முதலில் பஸ்கள் பழைய தெருக்களுக்கு வெளியே ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் களத்தில்தான் வந்து நின்றன. பிறகு வயசானவர்களால் இறங்கிய இடத்திலிருந்து அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை என்று ஒரு காரணம் வந்தது. சின்ன பஸ் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அதன் பின்னால் பெரியதும் போனது. களத்தைச் சுற்றிப் போட்ட கம்பிவேலி மட்டும் அப்படியே இருக்கிறது. பஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும் எங்கள் நெல்லுக்கு இடமில்லை.

அடுத்த போகம் அறுத்து, நெல் ரோட்டில் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் ஊருக்கு வந்தார். காரை நெல்லுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்தார். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றார். மரியாதை தெரிந்த மனுஷிதான். அது தெரியாதவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். கண்ணாடித் துண்டு மறுபடி உடைந்துவிட்டது, முற்றத்துப் பக்கம் காரை பெயர்ந்து விழுகிறது என்றார். வாக்குக் கொடுத்தவர்கள் யாரும் போனையே எடுப்பதில்லையாம். கழுத்தறுத்துவிட்டார்கள் என்றார். அந்த வார்த்தையை என் வீட்டில் உட்கார்ந்து அவர் சொன்னார். திரும்பவும் கடற்கரைச் சாலையில் நிற்கப் போகிறார்களாம். எங்கள் ஊரும் வந்து சேர்ந்தால் பலம் என்றார்.

"நீங்க கூப்பிட்டா ஊரு வரும் டீச்சர். அட்டையும் நீங்கதான் எழுதணும்."

பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். எல்லாம் முறையாக அடுக்கியிருந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார். எங்கள் முறையிலேயே எங்களிடம் கேட்க வந்திருக்கிறார். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடி நின்றுவிட்டு எனக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்தார்.

நான் தட்டைத் தொடவில்லை. வெளியே வீட்டுக்காரர் நெல்லைத் துழாவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் என் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, மறைக்கவில்லை. பிறகு குனிந்து தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நான் வர மாட்டேன் டீச்சர்" என்றேன். "ஊரையும் கூப்பிட மாட்டேன்."

"புரிஞ்சிடுச்சு டீச்சர். நீங்க தட்டத் தொடாதப்பவே புரிஞ்சிடுச்சு. அதை வாயால வேற சொல்லணுமா?"

"உங்ககிட்ட மட்டும் வாயாலயே சொல்லிடணும் டீச்சர்" என்றேன்.